35 மணற் பொட்டலங்கள்

எங்கள் மரவேலை ஆசிரியர் தராசு சேர் காலமாகிவிட்டார் என்று குழுவில் செய்தி வந்தபோது இங்கே ரொறன்ரோவில் நடுச்சாமம். பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பழைய மாணவர் சங்கத்தார் கேட்டு மூன்று மாதமாகியும் நான் தொடங்கியிருக்கவில்லை. இப்போது எழுதுகிறேன். அவருடைய சொந்தப் பெயரை இங்கே போடத் தேவையில்லை. 1976க்கும் 1980க்கும் இடையில் எங்கள் மரவேலைக் கூடத்தின் சீவலை மிதித்த எவருக்கும் அவரைத் தெரியும்.

மொடல் பிளேன் கட்ட வேண்டுமென்றால் இன்று பல்சா என்ற மிக இலேசான மரப் பலகையும் கார்பன் குழாயும் கடையில் கிடைக்கின்றன. நாங்கள் தொடங்கியது இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில். பல்சாவைப் படத்தில்தான் பார்த்தோம். சேரும் அப்படித்தான். எங்களிடம் இருந்தவை வேலி முள்முருக்கு, மூங்கில், தேயிலைப் பெட்டிப் பலகை, பட்டம் ஒட்டும் தாள். இவற்றில் எது எங்கே போக வேண்டும் என்பதுதான் அவருடைய பாடம் முழுவதும். மூங்கிலில் புறத்தோல் பக்கம் நார் நெருக்கம், உட்பக்கம் ஐது. ஆகவே சலாகை சீவும்போது உட்பக்கத்தை மட்டும் சீவ வேண்டும், தோலில் கத்தி படக்கூடாது. இறக்கையின் நீளச் சட்டத்துக்கு மேலே ஒரு சலாகை, கீழே ஒரு சலாகை, இரண்டும் தோல் வெளியே பார்த்தபடி. இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்கு விலாக்களுக்கு முள்முருக்கு. பெட்டிப் பலகை மூக்குக்கும் இறக்கை பூட்டும் இடத்துக்கும் மட்டும்.

மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரை மணலைப் பழைய கொப்பித் தாளில் 50 கிராம் பொட்டலங்களாக மடித்து ஒரு பெட்டி நிறைய வைத்திருப்பார். முடிந்த இறக்கையை மேசையில் கவிழ்த்து, உடல் பூட்டும் நடுப்பகுதியை மட்டும் ஒரு கட்டையில் தாங்கி, பொட்டலங்களை நடுவில் கூடவும் நுனிக்குப் போகப் போகக் குறையவும் அடுக்குவார். பறக்கும்போது காற்று கீழிருந்து தள்ளுவதை மேசையில் மணல் மேலிருந்து தள்ளும். எங்கள் கிளைடர் நுனிக்கு நுனி 120 செ.மீ., எடை 350 கிராம். அதற்கு 35 பொட்டலம், அதாவது எடையின் ஐந்து மடங்கு. மைதானத்தில் 50 மீற்றர் தங்கூசி நைலோன் நூலில் கட்டி இழுத்து ஓடும்போது இறக்கை சுமப்பது பிளேனின் பாரத்தை மட்டுமல்ல, இழுப்பவனின் பலத்தையும் சேர்த்துத்தான். இடையில் கச்சான் காற்று ஒருமுறை ஓங்கி வீசினால் அந்தச் சுமை இன்னும் ஏறும்.

எங்கள் குழுவின் முதல் இறக்கை இருபதாவது பொட்டலத்தில் போய்விட்டது. முழு வகுப்பும் சுற்றி நின்றது. உறுதியாக இருக்கட்டும் என்று மூங்கிலைத் தடிப்பாகப் போட்டிருந்தோம். சேர் ஏசவில்லை. முறிந்த துண்டுகளைப் பொறுக்கித் தராசில் வைத்தார். மற்றக் குழுவின் முறியாத இறக்கையைவிட 40 கிராம் கூட. பிறகு மேற்சலாகையின் முறிவை வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்குக் காட்டினார்.

"இது உடையல்ல மனே. முதல்ல நெளிஞ்சிருக்கு. பிறகுதான் முறிஞ்சிருக்கு."

இறக்கை மேல்நோக்கி வளையும்போது கீழ்ச்சலாகை இழுபடுகிறது, மேற்சலாகை நெருக்குப்படுகிறது. மெல்லிய சலாகை இழுவையைத் தாங்கிவிடும். நெருக்கும்போதுதான் இரண்டு விலாக்களுக்கு நடுவே பக்கவாட்டில் நெளிந்து கொடுத்துவிடும். அதற்கு மருந்து இன்னும் தடித்த மூங்கில் அல்ல. பெட்டிப் பலகையை ஊறவைத்து ஒரு படையை உரித்து, நார் நிலைக்குத்தாக நிற்கும்படி வெட்டி, விலாக்களின் இடைவெளிகளில் மேல் கீழ்ச் சலாகைகளைச் சேர்த்து ஒட்டினோம். இறக்கையின் வேரிலிருந்து, அதாவது உடலோடு சேரும் இடத்திலிருந்து, பாதித் தூரம் வரைதான். அதற்கப்பால் வளைக்கும் பலம் குறைந்துவிடும். அந்தப் பலகை முழுவதும் சேர்த்து ஐந்து கிராம் வராது. சலாகைகளைப் பாதித் தடிப்பாக்கி, நுனிப்பக்கம் இன்னும் ஒடுக்கினோம். 35 பொட்டலமும் ஏறின. இறக்கை மெல்ல வளைந்து அப்படியே நின்றது.

1978 நவம்பர் 23 சூறாவளி பற்றி இந்த மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு எழுத வேண்டியது கொடிக்கம்பம். அதன் அடியைச் சுற்றி ஓர் இரும்புக் குழாய் போட்டிருந்தது நினைவிருக்கும். கம்பம் முறிந்தது சரியாக அந்தக் குழாய் முடியும் விளிம்பில். ஊரே கூரையில்லாமல் கிடந்த நாட்கள் அவை. அதற்குள்ளும் சேர் எங்களைக் கூட்டிப்போய் அந்த விளிம்பில் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார். பலப்படுத்திய இடத்தில் பொருள் முறியாது, பலம் திடீரென்று நிற்கும் கோட்டில் முறியும். இறக்கையின் வேரில் மேலதிகப் பலகை ஒட்டினால் அதன் முனையைச் சதுரமாக வெட்டாமல் நீளச் சாய்வாகச் சீவி ஒன்றுமில்லாமல் ஆக்க வேண்டும். மேற்பலகையும் கீழ்ப்பலகையும் ஒரே கோட்டில் முடியவும் கூடாது. இங்கே நண்பர்கள் முறிந்த இறக்கையைக் கொண்டுவந்து காட்டும்போது நான் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான்.

வால் பக்கம் அவர் இன்னும் கடுமை. வாலில் கூடுதலாகப் பூசிய பசையைக் கத்தியால் சுரண்டி எடுப்பிப்பார். பிளேனின் சமநிலை இறக்கை அகலத்தின் முன்விளிம்பிலிருந்து கால்வாசிக்கும் மூன்றிலொன்றுக்கும் இடையில் நிற்க வேண்டும். அங்கிருந்து வால் இருக்கும் தூரம் மூக்கு இருக்கும் தூரத்தைப்போல மூன்று மடங்கு என்றால், வாலில் கூடும் 10 கிராமைச் சரிக்கட்ட மூக்கில் 30 கிராம் ஈயம் வேண்டும். ஆக 40 கிராம் கூடுகிறது. அதே 10 கிராம் இறக்கை வேரில் கூடினால் கூடுவது 10 மட்டுமே.

ரேடியோவால் ஓட்டும் மோட்டார் பிளேனுக்கு வந்த பிறகும் நான் செய்வது இதே கணக்குத்தான். புதிதாகப் பழகுபவருக்கு 150 செ.மீ. இறக்கை, 35 சதுர டெசிமீற்றர் பரப்பு, பற்றரியோடு 1.3 கிலோ என்றால் நல்லது. சதுர டெசிமீற்றருக்கு 37 கிராம் விழும். சமநிலைக்கு ஈயம் வைக்க முன் பற்றரியை முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். கார்பன் குழாய் வாங்குபவர்களுக்கு ஒன்று: 6 மி.மீ. வெளிவிட்டமும் 4 மி.மீ. உள்விட்டமும் உள்ள குழாய், அதே 6 மி.மீ. முழுக்கம்பியின் விறைப்பில் 80 வீதத்தைத் தரும், எடையோ 56 வீதம்தான். வளையும்போது வேலை செய்வது வெளிப்பக்கப் பொருள். நடுப்பொருள் பெரும்பாலும் சும்மா பயணம் செய்கிறது. மூங்கில் தோலைத் தொடவேண்டாம் என்று சேர் சொன்னதும் இதையே.

விழுந்தாலும் உடையக்கூடாது என்று கட்டுபவர்களோடு நான் இன்னமும் வாதாடுகிறேன். எடை 20 வீதம் கூடினால் பிளேன் காற்றில் நிற்கத் தேவையான குறைந்த வேகம் ஏறத்தாழ 10 வீதம் கூடும். இரண்டும் சேர, இறங்கும்போது நிலத்தில் கொட்டும் சக்தி 44 வீதம் கூடும். காப்புக்கென்று ஏற்றிய பாரமே அடியைப் பெரிதாக்குகிறது. பறக்கும் சுமைக்கு மட்டும் கட்டுங்கள். விழும் சுமைக்கு, விலகிக்கொடுக்கும் பூட்டைப் போடுங்கள்: இறக்கையை இறப்பர் வளையத்தால் பிடியுங்கள், அல்லது நைலோன் ஆணியால். நுனி நிலத்தில் பட்டால் ஆணி அறுந்து இறக்கை தனியே கழன்று போகும். இரும்பு ஆணி போட்டால் அறுவதற்குப் பதிலாக உடல் பிளக்கும். எங்கள் கிளைடருக்கு சேர் போட்டது பழைய சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டிய கீற்று.

நான் ஊரைவிட்டு வந்தபின் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வேலை, குளிர், சாப்பாடு பற்றியெல்லாம் விசாரித்திருந்தார். கடைசி வரியில் ஒரு கேள்வி: "அங்கே பல்சாப் பலகை கையில் எடுத்துப் பார்த்தீரா? ஒரு பலகை என்ன நிறை நிற்கும்?"

பதில் எழுத முன் நிறுத்துப் பார்ப்போம் என்று கடைக்குச் சிறு தராசு கொண்டுபோனேன். ஒரு மீற்றர் நீளம், 10 செ.மீ. அகலம், 3 மி.மீ. தடிப்பு. ஒரே விலை, ஒரே அடுக்கு; ஆனால் ஒன்று 60 கிராம் நின்றது, இன்னொன்று கிட்டத்தட்டப் பாதி. அடுக்கிலேயே இலேசான பலகையை அவருக்கென்று தெரிந்து வாங்கினேன். பொதி செய்ய வேண்டும், தபாலில் முறியாமல் போக வேண்டும், அடுத்த மாதம், போர் கொஞ்சம் ஓயட்டும் என்று ஆண்டுகள் போயின. போர் ஓய்ந்த பிறகும் அனுப்பவில்லை. பலகை இப்போதும் பேஸ்மென்ற் சுவரில் நிமிர்ந்து நிற்கிறது. ஓரத்தில் பென்சிலால் எழுதியது அழியவில்லை: 31 கிராம்.