கையால் மறைத்துக் காட்டியவர்

போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்ள நான் முதலில் தேடிப் போனவர் பிரமாதமாகப் படம் எடுப்பவர். ஆறு மாதம் அவர் கூடவே சுற்றினேன். லென்ஸ், செட்டிங் பற்றி எது கேட்டாலும் உடனே சொல்வார். என் படங்களைக் காட்டினால் மட்டும் "சூப்பர்" என்று ஒரே வார்த்தை. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. நன்றாகப் படம் எடுப்பது ஒரு திறமை, அடுத்தவர் படத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிவது வேறு திறமை. இது எனக்கு அப்போது தெரியவில்லை.

அப்புறம் கிடைத்தவர் பத்திரிகையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 20 படங்களைச் சின்னதாகப் பிரிண்ட் போட்டு எடுத்து வரச் சொன்னார். மேசையில் பரப்பிவிட்டு வெகுநேரம் எதுவும் பேசவில்லை. கடைசியில் ஒன்றை எடுத்தார். ஜன்னலோரம் அம்மா ஊசியில் நூல் கோக்கும் படம். வலது பக்கம் இருந்த அலமாரியை உள்ளங்கையால் மறைத்து, "இப்போ பார்" என்றார். அதே படம்தான், ஆனால் மூச்சுவிட இடம் கிடைத்த மாதிரி இருந்தது.

"எதுக்காக இதை எடுத்தே?"

"வெயில் நூல் மேல பட்டுது சார்."

"நூல் எங்கே இருக்கு?"

இல்லை. 50 எம்எம் லென்ஸ், எஃப் 1.8 (லென்ஸின் துளை அகலமாகத் திறந்த நிலை), ஒரு மீட்டர் தூரம். ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சார் கேமராவில் அப்படி எடுத்தால் தெளிவாக விழுவது முன்னும் பின்னுமாகச் சேர்த்து சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஃபோகஸ் அம்மாவின் கண்ணில் இருந்தது, நூல் அதற்கு ஒரு சாண் முன்னால் கலங்கிப் போயிருந்தது. "நீ பார்த்தது நூலை. கேமரா பிடிச்சது முகத்தை" என்றார். எத்தனையோ வீடியோ பார்த்தும் புரியாத ஃபோகஸ் எனக்கு அந்த ஒரு வரியில் புரிந்தது.

ஆரம்பத்தில் இருப்பவர்களுக்குத்தான் குரு வேண்டும் என்று நினைக்க வேண்டாம். டயான் ஆர்பஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் 1956-ல் லிசெட் மாடல் என்ற இன்னொரு புகைப்படக் கலைஞரிடம் படிக்கப் போனபோது, ஃபேஷன் படங்களில் ஏறக்குறைய பத்து வருட அனுபவம் உள்ளவர்.

நீங்கள் யாரையாவது தேடிக்கொண்டிருந்தால், முதலில் உங்கள் படங்களைக் கையில் கொடுத்துப் பாருங்கள். எந்த கேமரா என்று கேட்கிறாரா, ஏன் எடுத்தாய் என்று கேட்கிறாரா? எனக்கு அதுவே போதுமான அடையாளம்.

சார் எனக்கு ஒரு மாதம் அதே ஜன்னல், அதே லென்ஸ், வாரம் 5 படம் என்று சொல்லியிருக்கிறார். போன வாரம் கொண்டுபோனதில் நாலை ஒதுக்கிவிட்டார். ஐந்தாவதை வெகுநேரம் வைத்துப் பார்த்தார். மறைக்க இந்த முறை உள்ளங்கை தேவைப்படவில்லை. ஓரத்தில் கட்டைவிரலை மட்டும் வைத்தார்.