ஐதரசன் 2, ஒட்சிசன் 1: அளவு ஏன் பிசகுகிறது?

பாடப்புத்தகப்படி நீரை மின்பகுத்தால், அதாவது மின்சாரம் செலுத்திப் பிரித்தால், கனவளவில் ஐதரசன் இரண்டு பங்கு, ஒட்சிசன் ஒரு பங்கு. மேசையில் செய்து அளந்தால் ஒட்சிசன் பெரும்பாலும் குறையும், சில வேளை கூடும். ஐதரசன் வரும் எதிர்முனையான கதோட்டில் தொல்லை அரிது. கோளாறெல்லாம் ஒட்சிசன் வரும் நேர்முனையான அனோட்டுப் பக்கம்தான்.

அனோட்டாக எதை வைக்கிறோம் என்பதில்தான் விஷயம். முதலில் பென்சில் கூர். காபன் ஒட்சியேறிக் காபனீரொட்சைட்டாக, காரக் கரைசல் அதை உறிஞ்சிவிடும், அளவு குறையும். அடியில் கறுப்புத் தூள் படிந்தால் இதுதான் காரணம். 1800இல் லண்டனில் நிக்கல்சன், கார்லைல் என்ற இரு ஆய்வாளர்கள் பித்தளைக் கம்பியில் செய்தபோதும் இதே கதை: ஒரு முனையில் ஐதரசன் வந்தது, மறுமுனைக் கம்பி ஒட்சியேறியது. பிளாற்றினத்துக்கு மாறிய பிறகே ஒட்சிசன் வாயுவாக வெளிவந்தது.

அடுத்து ஸ்ரெயின்லெஸ் கரண்டி. குமிழ் நன்றாக வரும், ஆனால் கரைசல் மஞ்சளாகத் தொடங்கினால் உடனே நிறுத்த வேண்டும். அது குரோமேற்று, நச்சு. சிங்கில் ஊற்றக் கூடாது. கறியுப்புப் பக்கமே போக வேண்டாம், அனோட்டில் குளோரீன் வரும். அப்பச்சோடா பாதுகாப்பானதுதான், ஆனால் அனோட்டில் உருவாகும் அமிலம் அதிலிருந்து காபனீரொட்சைட்டைக் கிளப்பும். 'ஒட்சிசன்' அளவு கூடித் தெரிவது இதனால்.

இப்போது நிலைத்திருப்பது நிக்கல். லிதியம் பற்றரிகளைக் கோக்கும் நிக்கல் பட்டி புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு இலத்திரனியல் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். நிக்கல் பூசிய இரும்பும் அதே பெயரில் விற்கும். ஒரு துண்டைச் சுரண்டி உப்பு நீரில் இரவு முழுக்க வையுங்கள். துரு பிடித்தால் அது இரும்பு.

கரைசல்: 500 மில்லிலீற்றர் பற்றரித் தண்ணீரில் (காய்ச்சி வடித்த நீர், பற்றரி அமிலம் அல்ல) 25 கிராம் சோடியம் காபனேற்று, அதாவது வாஷிங் சோடா. கிடைக்காவிட்டால் அப்பச்சோடாவை 200 பாகை அவணில் ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். 100 கிராமில் ஏறத்தாழ 63 கிராம் காபனேற்று மிஞ்சும். கோஸ்டிக் சோடாவில் மின்னோட்டம் இன்னும் தாராளமாகப் பாயும், ஆனால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இந்த வேலைக்கு அது தேவையில்லை.

வாயு சேர்க்க 60 மில்லிலீற்றர் சிரிஞ்ச் இரண்டு. தண்டைக் கழற்றி, ஊசி மாட்டும் நுனி மேலே இருக்கும்படி கிண்ணத்தில் நிறுத்துங்கள். சிரிஞ்சின் அளவுகோல் நுனியிலிருந்தே தொடங்குவதால் வாயுவின் கனவளவை நேரே வாசிக்கலாம். நுனியில் சேலைன் குழாயின் மூவழி வால்வு பூட்டி, இன்னொரு சிரிஞ்சால் உறிஞ்சிக் கரைசலை மேலேற்றுங்கள். நிக்கல் பட்டியைக் கொக்கிபோல் வளைத்து, முனை சிரிஞ்சின் வாய்க்குள் ஒரு சென்ரிமீற்றர் ஏறி நிற்கும்படி வையுங்கள். வெளியே உள்ள பகுதிக்கு பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி ஒட்டும் பிளாஸ்டிக் குழாய்) போடாவிட்டால் பாதி வாயு கிண்ணத்தில் போய்விடும். செப்புக் கம்பி கரைசலைத் தொடக் கூடாது.

மின்சாரத்துக்கு 12 வோல்ற்று அடப்ரரும், மின்னோட்டத்தையும் கட்டுப்படுத்தும் பக் மொடியூலும் (வோல்ற்றைக் குறைக்கும் சிறு சுற்றுப் பலகை) போதும். கோட்பாட்டில் 1.23 வோல்ற்றிலேயே நீர் பிரியத் தொடங்கும். இங்கே கரைசலின் தடை மட்டும் பல வோல்ற்றை விழுங்கும். ஆகவே வோல்ற்றைப் பார்க்காமல் 0.5 அம்பியரில் பூட்டிவிடுங்கள். 10 நிமிடத்தில் 300 கூலோம் மின்னேற்றம் பாயும். 30 பாகையில், நீராவியையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஐதரசன் ஏறத்தாழ 40, ஒட்சிசன் 20 மில்லிலீற்றர் வர வேண்டும்.

நல்ல அனோட்டிலும் முதல் ஓட்டத்தில் ஒட்சிசன் குறையும். நீரில் அது ஐதரசனைவிட ஒன்றரை மடங்கு அதிகம் கரைவதே காரணம். கால் மணி நேரம் ஓடவிட்டு, வாயுவை வெளியேற்றி, மீண்டும் நிரப்பிய பிறகு அளவெடுங்கள். வாசிக்கும்போது உள்ளே வெளியே நீர்மட்டம் சமமாக இருக்கச் சிரிஞ்சை உயர்த்தித் தாழ்த்த வேண்டும். 10 சென்ரிமீற்றர் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு சதவீதப் பிழை.

இடையில் முனைகளை மாற்றாதீர்கள், ஒரே சிரிஞ்சில் இரு வாயுவும் கலந்துவிடும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை ஐதரசன் இருந்தால் தீப்பற்றும். ஐதரசனில் தீ காட்டி வெடிச் சத்தம் கேட்கும் 'பொப்' சோதனைக்குச் சில மில்லிலீற்றரைச் சிறு சோதனைக் குழாய்க்கு மாற்றி, யன்னலைத் திறந்து, மின்பகுப்புக் கிண்ணத்துக்குத் தள்ளி நின்று செய்யுங்கள்.

கரைசலை மூடிய போத்தலில் வைத்தால் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். ஓர் ஓட்டத்துக்குச் செலவாகும் நீர் 0.03 கிராம்கூட இல்லை; கொழும்பு வெயிலில் திறந்த கிண்ணத்திலிருந்து ஆவியாவது அதைவிட அதிகம்.