காப்பிக்கு ஃபேர்ட்ரேட் முத்திரை வாங்கிய எங்கள் அனுபவம்

கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் ஒன்றிரண்டு ஏக்கரில் காப்பியும் மிளகும் மலைவாழையும் கலந்து வைத்திருக்கிற பலர், ஃபேர்ட்ரேட் முத்திரை (விளைவித்தவருக்கு நியாயமான விலை கிடைக்கிறது என்பதற்கான சர்வதேசச் சான்று) வாங்கினால் விலை கூடுமா என்று கேட்கிறார்கள். எங்கள் சங்கம் வாங்கியிருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

காப்பிக்கு இது தனி ஆளுக்குக் கிடையாது, சிறு விவசாயிகள் அமைப்பாகச் சேர வேண்டும். யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை கிலோ பழம் என்று எல்லாம் எழுத்தில் வேண்டும். துண்டுச் சீட்டிலேயே கணக்குப் பார்த்துப் பழகிய பெரியவர்களிடம் இதை வாங்குவதுதான் பெரும்பாடு, "அண்ணே, போன வருசம் என்ன மருந்து அடிச்சீங்க?" என்று வீடு வீடாக ஏறி இறங்கினோம். சில மருந்துகளை விட வேண்டியிருந்தது. செடியின் தண்டைக் குடையும் தண்டுத் துளைப்பான் வண்டுக்குக் காப்பி வாரியம் சொல்கிறபடி பட்டையைத் தேய்த்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம், ஆள்கூலி ஏறியது.

முத்திரைக்கான தணிக்கைக்கு வந்தவர் மதுரையில் இறங்கி மலையேறி வந்தார். கணக்குப் புத்தகத்தோடு நிற்காமல், பழம் பறிக்கிற அக்காக்களைத் தனியாக உட்காரவைத்துக் கூலி என்ன, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று விசாரித்தார். எங்கள் ஊரில் அவர்களிடம் இதையெல்லாம் யாரும் கேட்டதே இல்லை.

சரி, பணத்துக்கு வருவோம். கழுவிய அராபிகாவுக்கு (பழத்தின் தோலையும் பசையையும் நீக்கிக் கழுவி உலர்த்திய காப்பி) 2023 ஆகஸ்டில் ஃபேர்ட்ரேட் வைத்த குறைந்தபட்ச விலை ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது சுமார் 450 கிராமுக்கு, 1.80 டாலர், மேலே 20 சென்ட் ஊக்கத்தொகை. இந்த 20 சென்ட் சங்கத்துக்கு வரும், என்ன செய்வதென்று பொதுக்குழு தீர்மானிக்கும். நாங்கள் உலர்களம் போட்டோம். 2025 தொடக்கத்தில் சந்தை 4 டாலரைத் தாண்டியபோது குறைந்தபட்ச விலைக்கு வேலையே இல்லை. 2019-இல் ஒரு டாலருக்குக் கீழே விழுந்ததே, அந்த மாதிரி வருடத்துக்குத்தான் அது.

அதுவும் முத்திரைக் கணக்கில் விற்ற காப்பிக்கு மட்டும். எங்கள் காப்பியில் ஒரு பகுதியைத்தான் ஏற்றுமதிக்காரர் அப்படி எடுத்தார், மீதி பட்டிவீரன்பட்டி வியாபாரிகளுக்குச் சாதாரண விலையில் போனது. தணிக்கைக் கட்டணம் மட்டும் முழுசாகக் கட்டியாக வேண்டும். ஆனால் எடையும் ஈரப்பதமும் எங்கள் புத்தகத்திலேயே இருப்பதால் வியாபாரி இஷ்டத்துக்குக் கழிவு பிடிப்பது நின்றது, அந்த லாபம் எல்லா மூட்டைக்கும் கிடைக்கிறது.

எனக்கு இன்னும் உறுத்துவது ஒன்று. பறிக்கிற அக்காக்கள் நிலமில்லாதவர்கள், சங்க உறுப்பினர்கள் இல்லை, ஊக்கத்தொகையை என்ன செய்வதென்பதில் அவர்களுக்கு ஓட்டும் இல்லை. அடுத்த பொதுக்குழுவில் அவர்களுக்கென ஒரு பங்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.

நீங்கள் போவதாக இருந்தால், எத்தனை டன் முத்திரைக் கணக்கில் எடுப்பார் என்று வாங்குபவரிடம் எழுதி வாங்கிவிட்டு அப்புறம் விண்ணப்பம் போடுங்கள்.