சம்பளமே போதுமென்று

வெளியூர்ப் போதகர் சிங்களத்தில் பிரசங்கம் செய்தால், பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது என் வேலை. அவர் ஒரு வாக்கியம், நான் ஒரு வாக்கியம். யோசிக்க நேரம் இருக்காது. அன்றைக்கு மட்டும் இருந்தது.

லூக்கா 3:14. போர்ச்சேவகர்கள் யோவான் ஸ்நானகனிடம் வந்து என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதீர்கள், பொய்க்குற்றம் சாட்டாதீர்கள், உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள் என்கிறார். போதகர் பேசிக்கொண்டிருந்தது பேராசையைப் பற்றி. கெட்ட எண்ணம் கிடையாது, கொழும்பிலிருந்து வந்தவர். கடைசி வரியை அழுத்தி இரண்டு தடவை சொன்னார். எனக்கு எதிரே இருந்தவர்களில் பாதிப்பேர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவர்கள். முந்தின நாள் மழையில் எடுத்த கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவு என்று தராசடியில் கிலோவைக் குறைத்ததில் சிலருக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்திருந்தது. நான் முதல் இரண்டையும் சொல்லி, ‘பேராசை வேண்டாம்’ என்று முடித்துவிட்டேன். போதகருக்குத் தமிழ் தெரியாது.

ஆனால் அவர்களில் ஓர் அக்காவுக்குச் சிங்களம் தெரியும். சின்ன வயதில் கொழும்பில் வீட்டு வேலைக்கு இருந்தவர். ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டார்:

“தம்பி, சம்பளத்தப் பத்தி ஐயா ஒண்ணு சொன்னாரே, அத ஏன் விட்டீங்க?”

“உங்களுக்கெல்லாம் மனசு கஷ்டமா இருக்குமேன்னுதான் அக்கா.”

“கஷ்டமா இருந்தா இருக்கட்டுமே. கேட்டிருந்தா நாங்க அவருகிட்ட நாலு வார்த்த பேசியிருப்போம்ல?”

அவர் போய்விட்டார். நான் இன்னும் அந்த வாசலிலேயே வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

என் பக்கம் நியாயம் இருக்கிறது. யோவான் அதைச் சொன்னது ஆயுதம் வைத்திருந்தவர்களுக்கு, மிரட்டிப் பறிக்கக்கூடியவர்களுக்கு. கூடையைத் தலையில் மாட்டியவர்கள் யாரிடம் பறிப்பது? நாளுக்கு 1000 ரூபாய் என்று வருஷக்கணக்காகக் கேட்டு 2021இல்தான் அது கிடைத்தது. அப்படிப்பட்டவர்களிடம் போதும் என்று சொல்ல என் வாய் எதற்கு?

சரி. அப்புறம் இன்னொன்றும் தோன்றுகிறது. யாக்கோபு 5:4இல், வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று வருகிறது. 1854இல் இந்த மலைகளில் தோட்டத் தமிழரிடையே ஊழியம் செய்யத் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குத் தோட்டத் துரைமாரும் பணம் கொடுத்தார்கள். அந்தக் காலத்து உபதேசியார் ஒருவர், துரை மனம் நோகுமே என்று யாக்கோபை மெதுவாகத் தாண்டிப் போயிருந்தால், அவரும் என்னைப்போலத்தானே சொல்லியிருப்பார்? அவருக்குத் துரையின் மனசு, எனக்கு அக்காவின் மனசு. நான் ஏழைகளின் பக்கம் நின்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அக்கா என்னை அந்தப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வேதம் யார் கைக்கும் அடங்காதது என்று ஞாயிறு பள்ளியில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மைக் கையில் இருக்கும்போது அது அவ்வளவு நிச்சயமாகத் தெரிவதில்லை.

இப்போதெல்லாம் வருகிற போதகர்களிடம் குறிப்பை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுகிறேன். எதையும் விடக்கூடாது என்பது என் தீர்மானம். போன மாதம் ஒருவர், தோட்டத்து ஆட்கள் சம்பள நாளில் செலவழிக்கிற விதத்தைப் பற்றி ஒரு பகிடி விட்டார். குறிப்பில் அது இல்லை. நானும் சொல்லவில்லை. அக்கா அன்றைக்குச் சர்ச்சுக்கு வந்திருக்கவில்லை.