ஃபிட்டிங்கை முதலில் முடிவு செய்யுங்கள்

கட்டட மாடல் வரையும் ரெவிட் மென்பொருளில் டக்ட் (ஏசி காற்று போகும் தகட்டுக் குழாய்) வரையும்போது நேர்த்துண்டுகளை நான் கடைசியில்தான் கவனிப்பேன். எங்கே திரும்புகிறது, எங்கே சுருங்குகிறது, எங்கே கிளை பிரிகிறது என்று பார்த்து, அந்த இடங்களில் என்ன ஃபிட்டிங் (இணைப்புத் துண்டு) என்பதை முதலில் முடிவு செய்துவிடுவேன். நேர்த்துண்டை யார் வரைந்தாலும் ஒன்றுதான். அழுத்தம் விழுவதும் இரைச்சல் கிளம்புவதும் சைட்டில் வாக்குவாதம் வருவதும் பெரும்பாலும் ஃபிட்டிங்கில்தான்.

600×300 மில்லிமீட்டர் டக்ட் ஒன்று கிடைமட்டமாக 90 டிகிரி திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போகிறது; அதன் வேக அழுத்தம் சுமார் 38 பாஸ்கல். வேன் (காற்றைத் திருப்பிவிடும் உள்தகடு) இல்லாத சதுர மூலை எல்போ, அதாவது திருப்பத் துண்டு, வைத்தால் இழப்புக் குணகம் ஏறக்குறைய 1.2. வேக அழுத்தத்தை அதால் பெருக்கினால், அந்த ஒரு திருப்பத்திலேயே 46 பாஸ்கல் போய்விடும். மைய ஆரம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு உள்ள வளைவு எல்போ என்றால் குணகம் 0.2 பக்கம், இழப்பு சுமார் 8 பாஸ்கல். ஆனால் அதற்கு இடம் வேண்டுமே! மைய ஆரம் 900, உள் ஆரம் 600, வெளி ஆரம் 1200 மில்லிமீட்டர். சுவருக்கும் தூணுக்கும் நடுவில் அந்த 1200 கிடைக்கிறதா என்று தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால், ஷாஃப்டை நகர்த்தித் தாருங்கள் என்று பின்னால் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. இடம் இல்லையா? சரி, சதுர மூலையே இருக்கட்டும், டர்னிங் வேனோடு.

அதனால்தான் டக்ட் டைப்பில் ரூட்டிங் பிரிஃபரன்ஸஸை (எங்கே எந்த ஃபிட்டிங் தானாக வர வேண்டும் என்று சொல்லும் அமைப்பை) திறந்து எல்போ, ஜங்ஷன் (கிளை பிரியும் துண்டு), டிரான்சிஷன் (அளவு மாறும் துண்டு) எல்லாவற்றுக்கும் எனக்கு வேண்டிய ஃபேமிலியை, அதாவது ரெவிட்டின் பொருள் மாதிரியை, ஏற்றிவிட்டுத்தான் முதல் கோட்டை இழுப்பேன்.

கைவசம் உள்ள ஃபேமிலி போதாமல் சொந்தமாகச் செய்ய நேர்ந்தால், வடிவத்தைவிட, டக்ட் வந்து சேரும் முகமான கனெக்டருக்குத்தான் அதிக நேரம் கொடுப்பேன். கனெக்டரின் அகலமும் உயரமும் ஃபேமிலியின் பாராமீட்டர்களோடு இணைந்திருக்க வேண்டும். ஒரு முகத்தில் மட்டும் அவை இரண்டும் இடம் மாறிவிட்டால், படுத்தவாக்கில் 600×300 ஆக நுழைந்த டக்ட் மறுமுகத்தில் 300×600 ஆக எழுந்து நிற்கும். 300×300 அளவில் சோதித்தால் இது கண்ணில் படவே படாது. ஆகவே சதுர அளவில் சோதித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். 600×300 கொடுங்கள், அப்புறம் 300×600, அப்புறம் 1000×250. கோணத்தையும் 90, 45, 30 என்று மாற்றிப் பாருங்கள். பார்ட் டைப்பில் எல்போ என்று குறிக்க மறக்க வேண்டாம். குறிக்காவிட்டால் ரூட்டிங் பிரிஃபரன்ஸஸில் எல்போவுக்கான பட்டியலில் அது தலைகாட்டாது.

டிரான்சிஷனில் கோணத்தை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. 600 அகலம் 400 ஆகிறது. இருபுறமும் சமமாகச் சுருங்கினால் பக்கத்துக்கு 100. கோணம் 30 டிகிரி என்றால் துண்டின் நீளம் 173 மில்லிமீட்டர், 15 டிகிரி என்றால் 373. ஒரு பக்கம் நேராக நின்று மறுபக்கம் மட்டும் சரிந்தால், அதே 15 டிகிரிக்கு 746 வேண்டும். பீமுக்குக் கீழே உயரம் குறையும் இடங்களில் மேல்பக்கம் நேராக வேண்டுமா, கீழ்ப்பக்கமா என்பதை வரைவதற்கு முன்பே ஜஸ்டிஃபிகேஷனில் சொல்லிவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திருத்துவது பெரிய தலைவலி.

கிளை பிரிக்க, பிரதான டக்டின் பக்கவாட்டில் ஒட்டும் டேப்பா, அதை வெட்டி நடுவில் வைக்கும் டீயா என்றால் நான் டேப் கட்சி. பிரதான டக்ட் துண்டாகாமல் முழுசாக இருக்கும், அறைக்குள் காற்றை விடும் டிஃப்யூசர் இடம் மாறினால் கிளையைப் பிடித்து நகர்த்திவிடலாம். தகடு வேலை செய்பவரும் பிரதான டக்டில் ஓட்டை வெட்டிக் காலரை (கிளை சேரும் கழுத்துத் துண்டை) பொருத்தத்தான் போகிறார். மாடல் அவர் கைவேலையைப் போலவே இருக்கட்டும். நேர்க்காலரைவிட, காற்று வரும் பக்கம் 45 டிகிரி சரிவு வைத்த டேப் எவ்வளவோ மேல். கிளைக்குப் பிறகு அளவு குறைகிறது என்றால் தனியாக ஒரு டிரான்சிஷன் வையுங்கள்.

அப்புறம் ஃபிளாஞ்ச், டக்ட் துண்டுகளைப் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு. மாடலில் டக்ட் தகட்டோடு முடிந்துவிடுகிறது. சைட்டில் ஃபிளாஞ்ச் சுற்றிலும் 30, 35 மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். 300 உயர டக்டுக்கு 25 மில்லிமீட்டர் இன்சுலேஷன் போட்டால் மாடலில் 350. ஃபிளாஞ்ச் இருக்கும் இடத்திலோ 370. அதன் மேலும் இன்சுலேஷன் சுற்றினால் 420. மாடலில் எதுவும் மோதவில்லை என்று, மோதலை (க்ளாஷ்) சோதிக்கும் நேவிஸ்வொர்க்ஸ் மென்பொருள் பச்சைக்கொடி காட்டும், சைட்டில் கேபிள் ட்ரே இடிக்கும். அதனால் டக்டுக்கான க்ளாஷ் சோதனையை நான் 50 மில்லிமீட்டர் கிளியரன்ஸ் கொடுத்துத்தான் ஓட்டுவேன். போல்ட் முடுக்க ஸ்பேனர் நுழைய வேண்டிய பக்கத்தில் அதுவும் போதாது. அங்கே கை போகும் அளவுக்கு இடம் விட்டு, ஃபிளாஞ்ச் விழும் இடத்தைக் குறித்து, தகடு வெட்டுகிறவரிடம் ஒருமுறை காட்டிவிடுவேன். துண்டின் நீளத்தை அவருடைய தகட்டின் அகலத்துக்கு ஏற்ப மாற்றச் சொன்னால், மாடலில் அப்போதே மாற்றிவிடுவேன்.