முன்பக்கத்தில் ஒரு டொக்

2024 ஜூலை 6, சனி

பாளை மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் அம்மாவுக்குத்தான் முதலில் கேட்டது. "ஏல, முன்னாடி என்னமோ தட்டுதுல்லா?" பாட்டை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். டொக். கொஞ்ச தூரம் போனதும் டொக் டொக். அம்மா உட்கார்ந்திருந்த இடது பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று இரண்டு பேருக்குமே தோன்றியது.

வண்டி 2014-ல் வாங்கிய டீசல் ஹேட்ச்பேக். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சத்தமே இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனாலும் இது புது சத்தம்.

ராத்திரி நோட்டில் எழுதி வைத்தேன்: மெதுவாகப் போகும்போது, அதாவது 10 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் வருகிறது. தோண்டி மூடிய ஒட்டுகள், பாதாளச் சாக்கடை மூடிகள், ஓரத்து சிறு பள்ளங்கள் வந்தால் நிச்சயம். ஸ்பீடு பிரேக்கரில் வரவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் ஒன்றுதான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். இரும்பு வழியாக ஓடும் சத்தம் இடத்தைப் பற்றிப் பொய் சொல்லும். நேரத்தைப் பற்றிச் சொல்லாது.

ஜூலை 7, ஞாயிறு

காசு செலவில்லாத வேலைகளை முடித்தேன். டிக்கியில் இருந்த ஜாக்கி, ஸ்பேனர், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் எடுத்து வீட்டுக்குள் வைத்தேன். டாஷ்போர்டு பெட்டியைக் காலி செய்தேன். பேட்டரி கிளாம்ப், நம்பர் பிளேட், இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தகடு, பானட் லாக் என்று ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். எதுவும் லூஸ் இல்லை.

அடுத்து பிரேக். டிஸ்க்கைக் கவ்வும் காலிபருக்குள் பிரேக் கட்டையான பேட் லேசாக ஆடினாலும், அதைப் பிடித்து நிறுத்தும் கிளிப் தேய்ந்துபோனாலும் இதே மாதிரிதான் தட்டும். இதற்குச் சோதனை சுலபம். சத்தம் வரும் ரோட்டில், வண்டி நிற்காத அளவுக்கு பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்ட வேண்டும். பேட் டிஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொள்வதால் ஆட்டம் நிற்கும், சத்தமும் நிற்கும். எனக்கு நிற்கவில்லை. அதே டொக். பேட், கிளிப் பெயர்களை நோட்டில் அடித்துவிட்டேன்.

அம்மா இன்னொன்றும் கேட்டாள். மாதக் கடைசிக்குள் குற்றாலம் போக முடியுமா என்று. சாரல் நன்றாக இருக்கிறதாம்.

ஜூலை 9, செவ்வாய்

பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் காட்டினேன். பெயர் வேண்டாம். ஒரு தம்பி வந்து உட்கார்ந்தார், கேட்டைத் தாண்டி ஒரு திருப்பம் போய்விட்டு வந்தார். கம்ப்யூட்டரில் தட்டி ஒரு தாளை நீட்டினார். முன்பக்க ஷாக் (குலுக்கலை அடக்கும் குழாய்) இரண்டு, ஸ்ட்ரட் மவுண்ட் (அதன் உச்சியை வண்டியோடு பிடிக்கும் பாகம்) இரண்டு, லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் கை) இரண்டு, லேபர், அலைன்மெண்ட். மொத்தம் 31,000 ரூபாய் சொச்சம்.

"எது போயிருக்கு?"

"சார், எல்லாம் மாத்திட்டா சத்தம் போயிரும்."

போகும்தான், அதில் சந்தேகமில்லை. காய்ச்சல் என்று போனவனுக்கு மருந்துக்கடையையே எழுதிக் கொடுப்பது மாதிரி. ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் நானே பார்த்தேன். இரண்டு ஷாக்கிலும் எண்ணெய் ஈரம் இல்லை. முன் மட்காரை அழுத்தி விட்டால் ஒரே ஏற்றத்தில் அடங்குகிறது. இந்த அழுத்திப் பார்க்கும் சோதனையை ரொம்ப நம்பவும் கூடாது. சுத்தமாகச் செத்துப்போன ஷாக்கைத்தான் அது காட்டும், பாதி தேய்ந்தது இதில் பாஸாகிவிடும். பானட்டைத் திறந்து, ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட்டின் உச்சியில் விரலை வைத்துக்கொண்டு, என் தம்பியை ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பச் சொன்னேன். மேல் பேரிங் இறுகியிருந்தால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு பட்டென்று விடுபடுவது விரலில் தெரியும். வழுவழுவென்று திரும்பியது.

1940-களின் பிற்பகுதியில் ஏர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய அமைப்புதான் இன்று நம் ஊர் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் முன்னால் இருக்கிறது. ஸ்பிரிங், ஷாக், ஸ்டியரிங் திரும்பும் அச்சு, மூன்றையும் ஒரே தூணில் அடக்கிவிட்டார். இடமும் செலவும் மிச்சம். ஆனால் அந்தத் தூணைச் சுற்றி எது லூஸானாலும் எல்லாம் ஒரே குரலில் பேசும்.

ஜூலை 11, வியாழன்

இன்று நல்ல வேட்டை.

ஆபீஸ் முடிந்து ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் மெதுவாக ஏறினேன். பாலத்தின் இணைப்புகள் ரோட்டுக்குக் குறுக்கே நேராக இருப்பதால் இரண்டு முன்சக்கரமும் ஒரே சமயத்தில் ஏறி இறங்கும். சத்தமே இல்லை. திரும்பி வந்து தியாகராஜ நகரில் ஒரு பாதாளச் சாக்கடை மூடியின் மேல் இடது சக்கரம் மட்டும் ஏறும்படி விட்டேன். டொக். வலது சக்கரம் மட்டும் ஏறும்படி விட்டேன். அப்போதும் டொக். கடைசியாக ஒரு ஸ்பீடு பிரேக்கரை வேண்டுமென்றே சாய்வாகக் கடந்தேன். நேராகப் போனால் வாயைத் திறக்காதது, சாய்வாகப் போனதும் டொக் டொக் என்றது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஒரு சக்கரம் ஏறினால் சத்தம், இரண்டும் சேர்ந்து ஏறினால் இல்லை. இப்படி நடந்துகொள்ளும் பாகம் ஒன்று இருக்கிறது, ஸ்டெபிலைசர் பார். வளைவில் வண்டி சாயாமல் இருக்க இரண்டு முன்சக்கரங்களையும் குறுக்கே இணைக்கும் ஸ்பிரிங் எஃகுக் கம்பி அது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் கம்பி தன்னைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையமான புஷ்ஷுக்குள் சும்மா உருளும், அதற்கு வேலையே இல்லை. ஒன்று மட்டும் ஏறினால் கம்பி முறுக்கும். அந்த விசை இரண்டு முனைகளிலும் இருக்கும் லிங்க் ராடு வழியாகத்தான் போக வேண்டும். லிங்க் ராடின் நுனியில் சின்ன பந்து மூட்டு. அது தேய்ந்தால் விசை திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு தட்டும். வேகமாகப் போகும்போதும் தட்டத்தான் செய்யும், டயர் சத்தத்திலும் காற்றிலும் அது கேட்காது.

ஷாக்கோ லோயர் ஆர்மோ காரணமாக இருந்தால் பாலத்து இணைப்பிலும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். 31,000 ரூபாய்த் தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தேன்.

ஜூலை 13, சனி

தச்சநல்லூர் அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப். லிஃப்ட் கிடையாது, குழிதான். நான் கதையை ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, மொதல்ல ஓட்டிக் காட்டுங்க." பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு தெரு சுற்றினோம். திரும்பி வரும்போது, "லிங்க்கு. ஆனா இடதுன்னு நெனக்காதீங்க" என்றார்.

ஜாக்கி எடுக்கப் போன பையனை "வேண்டாம்ல" என்று தடுத்தார். காரணம் கேட்டேன். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் அந்தச் சக்கரம் தொங்கும், மற்றது தரையில் நிற்கும். பார் முறுக்கிக்கொண்டு லிங்கை இறுக்கிப் பிடித்துவிடும். அப்போது கையால் ஆட்டினால் பிளே, அதாவது மூட்டின் ஆட்டம், தெரியாது, நல்ல லிங்க் என்று நினைத்து விட்டுவிடுவோம். நான்கு சக்கரமும் தரையில் இருக்க, குழிக்குள் இறங்கிப் பார்ப்பதுதான் சரி.

அவர் கீழே, நான் மேலே நின்று வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டினேன். "இங்க வந்து கை வையுங்க" என்றார். வலது லிங்க்கின் கீழ் மூட்டில் விரல் வைத்ததும் டிக் டிக் என்று அடித்தது. ரப்பர் உறை கிழிந்து உள்ளே செம்மண் சேறு. இடது லிங்க் கிண்ணென்று இருந்தது.

இடது சக்கரம் ஏறினாலும் வலதில் ஏன் தட்டியது? பார் நடுவில் சுதந்திரமாக உருளக்கூடியது என்பதால், ஒரு முனையில் எவ்வளவு விசையோ அவ்வளவே மறுமுனையிலும் எதிர்த்திசையில் வரும். எந்தச் சக்கரம் ஏறினாலும் தேய்ந்த மூட்டுதான் பேசும். அம்மாவும் நானும் பள்ளம் வந்த பக்கத்தைத்தான் சத்தம் வந்த பக்கம் என்று நினைத்திருக்கிறோம்.

அண்ணாச்சி அதோடு நிற்கவில்லை. இரண்டு லிங்க்கையும் கழற்றிவிட்டு, பாரின் நுனிகள் எதிலும் இடிக்காதபடி கம்பியால் கட்டினார். லிங்க் இல்லாமல் வண்டி வளைவில் அதிகம் சாயும், ரோட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒர்க்‌ஷாப் சந்துக்குள் ஊர்ந்துதான் பார்த்தோம். குண்டு குழியில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. பாரைப் பிடிக்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தாலும் இந்தச் சோதனையில் சத்தம் அடங்கியிருக்கும். அதனால் லெவர் கொடுத்து அதையும் நெம்பிப் பார்த்தார். இடைவெளி இல்லை.

ஆனால் சந்திலிருந்து ரிவர்ஸ் எடுத்து பிரேக் போட்டபோது வேறு ஒன்று கேட்டது. ஒரே ஒரு "டக்". பழைய டொக்குக்குப் பின்னால் இவ்வளவு நாள் ஒளிந்திருந்தது போலும்.

ஜூலை 14, ஞாயிறு

நேற்றே லிங்க் ஜோடியாக வாங்கி மாட்டியாகிவிட்டது. 1,700 ரூபாய். பாதி விலையில் லோக்கல் கிடைத்தது, அண்ணாச்சி தொடவே விடவில்லை. மாட்டும்போது மூட்டின் நுனியை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு நட்டைக் கையால் முடுக்கினார். ஏர் கன் வைத்தால் பந்தும் சேர்ந்து சுற்றி ரப்பர் உறை முதல் நாளே பிய்ந்துவிடும் என்றார்.

மூடிகள் மேல் ஓட்டினேன். அமைதி. கேட்டுக்குள் ரிவர்ஸ் எடுத்தேன். டக்.

ஜூலை 16, செவ்வாய்

இந்த டக் எப்போது வருகிறது? பின்னால் போய் பிரேக் போட்டால் ஒன்று. அடுத்து முன்னால் நகர்ந்து பிரேக் போட்டால் ஒன்று. திசை மாறாமல் எத்தனை பிரேக் போட்டாலும் இல்லை.

ஆக்ஸில் இல்லை. ஆக்ஸில் மூட்டு தேய்ந்தால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஓட்டும்போது சக்கரம் சுற்றுவதற்கு ஏற்ப டக டக டக என்று அடுக்கடுக்காக வரும். இது ஒற்றைச் சத்தம். மிச்சம் இருப்பவை இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் இன்ஜின் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ், பிரேக் பேட் இடம் மாறுவது.

மாலையில் எதிர்க் காலி மனையில், சமதரையில், இன்ஜினை அணைத்து நியூட்ரலில் போட்டுவிட்டுத் தம்பியையும் பக்கத்து வீட்டுப் பையனையும் தள்ளச் சொன்னேன். நடை வேகம்தான். பிரேக்கை மிதித்தேன். டக். பின்னால் தள்ளி மிதித்தேன். டக். இன்ஜின் எந்த விசையும் கொடுக்காதபோதும் வருகிறது என்றால் இன்ஜின் மவுண்டைக் குற்றம் சொல்ல வழியில்லை.

ஜூலை 20, சனி

மறுபடி குழி. அண்ணாச்சி கீழே டார்ச்சோடு, பையன்கள் முன்னும் பின்னும் தள்ள, நான் பிரேக்கில். "போதும், இறங்கி வாங்க." எல் வடிவ லோயர் ஆர்மின் பின்பக்கப் பெரிய புஷ், இடது பக்கம். பிரேக் போட்டால் சக்கரத்தை நிறுத்தும் விசை ஆர்மைப் பின்னால் இழுக்கும், அதைத் தாங்குவது இந்த ரப்பர். அது உள்வளையத்தைச் சுற்றிப் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. லெவர் போட்டால் ஆர்ம் கட்டைவிரல் கனத்துக்கு நகர்ந்து இரும்பில் மோதியது. பேட் அசைவு இருந்தாலும் காலிபரில் கை வைத்தால் தெரிந்திருக்கும். பார்த்தோம், இல்லை.

சர்வீஸ் சென்டர் தாளிலும் லோயர் ஆர்ம் இருந்ததே என்று யாராவது கேட்கலாம். இருந்தது, கூடவே எல்லாமும் இருந்தது. முக்கியமாக, நான் கேட்கப் போன சத்தத்துக்குக் காரணமான லிங்க் ராடு அதில் இல்லை!

புஷ்ஷை மட்டும் பிரஸ்ஸில் வைத்து மாற்றலாம். ஆர்மின் நுனியில் இருக்கும் பந்து மூட்டும் அதே வயதுதான் என்பதால் ஆர்மாகவே இரண்டு பக்கமும் வாங்கினேன், 5,200 ரூபாய். வலதில் விரிசல் ஆரம்பித்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

மாட்டும்போது புஷ் போல்ட்டுகளை விரலால் திருகி மட்டும் விட்டார். வண்டியை இறக்கி, சக்கரம் தரையில் நின்று, முன்பக்கம் தன் உயரத்துக்கு உட்கார்ந்த பிறகு குழிக்குள் போய் டார்க் ரெஞ்சால் முடுக்கினார். இந்த ரப்பர் சுழலாது, முறுக்கி முறுக்கித்தான் வேலை செய்யும். ஆர்ம் தொங்கும் நிலையில் முடுக்கிவிட்டால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கேறி நிற்கும். புது புஷ் சீக்கிரமே கிழிவதற்கு இதுவும் ஒரு காரணம். "அவசரத்துல முக்காவாசிப் பேரு தொங்கவிட்டே டைட் வச்சிருதான்" என்றார்.

ஜூலை 21, ஞாயிறு

காலையில் ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகக் குற்றாலம். ஐந்தருவியில் கூட்டம் தாங்க முடியவில்லை. வண்டியில் டொக்கும் இல்லை, டக்கும் இல்லை. 60-க்கு மேல் மெல்லிய ஊங்காரம் ஒன்று இருந்தது. வீல் பேரிங்கோ என்று, ரோடு காலியான இடத்தில் லேசாக இடமும் வலமும் வளைத்துப் பார்த்தேன். பேரிங் என்றால் பாரம் மாறும்போது சுருதி மாறும். மாறவில்லை. புதுத் தார் ரோடு வந்ததும் தானாகக் குறைந்தது. டயர்தான்.

ஜூலை 22, திங்கள்

அலைன்மெண்ட் செய்தேன், டோ (மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) கொஞ்சம் வெளியே போயிருந்தது. மொத்தக் கணக்கு: லிங்க், ஆர்ம், லேபர், அலைன்மெண்ட் சேர்த்து 9,600. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை பார்க்க வரச் சொல்லியிருக்கிறார் அண்ணாச்சி. வரும்போது டயரையும் முன்னும் பின்னும் மாற்றிவிடலாம் என்றார். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை போக வேண்டும்.