மணலைப் பார்த்து வெட்ஜ் எடுங்கள்

கோல்ஃபில் மணல் குழியிலிருந்தும் குறைந்த தூரத்துக்கும் பந்தை உயர எழுப்பி அடிக்கும் மட்டைதான் வெட்ஜ். அதை வாங்கப் போனால் எல்லாரும் கேட்பது "எத்தனை டிகிரி?" என்றுதான். அது பாதிக் கேள்வி. மட்டையில் 56 என்று டிகிரி பொறித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே 8, 12 என்று இன்னொரு சின்ன எண் இருக்கும். அதுதான் பவுன்ஸ். நம்ம தென்மாவட்டப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கோ கொடைக்கானலுக்கோ ஆடப் போகிறவர்கள் அதையும் பார்த்து வாங்க வேண்டும்.

லாஃப்ட், அதாவது மட்டையின் முகம் (பந்தில் படும் பக்கம்) பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். அந்த டிகிரிக் கணக்கு சுலபம். பிட்சிங் வெட்ஜ் 44 முதல் 48 டிகிரி, கேப் வெட்ஜ் 50–52, சாண்ட் வெட்ஜ் 54–58, அதற்கு மேல் லாப் வெட்ஜ். டிகிரி கூடக் கூட பந்து உயர எழும்பும், தூரம் குறையும். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் 4 முதல் 6 டிகிரி இடைவெளி போதும். இப்போதைய அயர்ன் (இரும்புத் தலை மட்டை) செட் பலவற்றில் பிட்சிங்கே 44 டிகிரிதான். அடுத்து 56 மட்டும் வைத்திருந்தால் நடுவில் விழும் தூரத்துக்கு மட்டையே கிடையாது. பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது என்பதால் லாப் வெட்ஜைக் கடைசியில் வாங்கலாம். கேப் வெட்ஜ்தான் முதலில் தேவை.

இனி பவுன்ஸ். மட்டையின் அடிவயிறு முன் விளிம்பைவிட எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதன் கோணம் அது. விளிம்பு முதலில் பட்டால் மண்வெட்டி மாதிரி மண்ணுக்குள் இறங்கும். வயிறு முதலில் பட்டால் வள்ளத்தின் அடிப்பலகை போல வழுக்கி வெளியே வரும். அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜீன் சாரசன் தன் மட்டையின் அடியில் ஈயப்பற்று வைத்துக் கனமாக்கியது இதற்காகத்தான். 1932 பிரிட்டிஷ் ஓப்பனை அந்த மட்டையோடு வென்றார்.

திருச்செந்தூர் பக்கத்துச் செம்மணல் மேடான குதிரைமொழித் தேரியில் நடந்தவர்களுக்குக் கால் புதைவது தெரியும். பங்கரில், அதாவது மைதானத்து மணல் குழியில், மணல் அப்படி இளகிக் கிடந்தால் பவுன்ஸ் 12, 14 வேண்டும். ஆற்றங்கரை ஈரமணல் மாதிரி இறுகியிருந்தால் 8 போதும். சித்திரை வெயிலில் காய்ந்த கரிசல் போன்ற தரைக்கு 4 முதல் 6. அங்கே 14 கொண்டு அடித்தால் வயிறு தரையில் மோதித் துள்ளும். விளிம்பு பந்தின் நடுவில் பட்டு, பந்து கிரீனை (குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரையை) தாண்டி ஓடிவிடும். அதே கரிசல் ஐப்பசி மழையில் சகதியானால் பவுன்ஸைக் கூட்ட வேண்டும்.

பங்கரில் மட்டையின் முகத்தை முதலில் திறந்துவிட்டு (வானம் பார்க்கத் திருப்பி), பிறகு பிடியைப் பிடியுங்கள். பிடித்த பின் மணிக்கட்டைத் திருகித் திறந்தால் அடிக்கும்போது முகம் திரும்ப மூடிக்கொள்ளும். முகம் திறக்கத் திறக்க பவுன்ஸும் கூடும். வலக்கை ஆட்டக்காரர் எடையை இடது காலில் சற்றுக் கூட்டி நிற்க வேண்டும். பந்துக்கு 5 சென்டிமீட்டர் பின்னால் மணலில் அடித்து, வீச்சை முடிக்க வேண்டும். பயந்து பாதியில் நிறுத்துவதால்தான் பந்து மணல் குழியிலேயே கிடக்கிறது. பந்து மணலில் புதைந்திருந்தால் மட்டும் முகத்தைத் திறக்காமல் நேராக வையுங்கள். அங்கே விளிம்பு உள்ளே இறங்கியே ஆக வேண்டும். அடிப்பதற்கு முன் மட்டையால் மணலைத் தொட்டுச் சோதித்தால் அடிகளை எண்ணி ஆடும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் தண்டனையாகக் கணக்கில் 2 அடிகள் கூடும்.

பழகுவதற்கு மைதானம் தேவையில்லை. ஒரு மணல் திட்டில் குச்சியால் கோடு கிழித்து, பந்து இல்லாமல் கோட்டில் மட்டை படும்படி வீசிப் பாருங்கள். தடம் கோட்டில் தொடங்கி, ஆழமில்லாமல் ஒரு சாண் நீளத்துக்குப் போனால் அடி சரி.